மூன்று வாக்கு வெற்றியும் எங்கள் தலைப்புகளும்

1888ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் எடின்பரோ நகரில் உரையாற்றிய பிரித்தானியப் பிரதமர் சாலிஸ்பரிப் பிரபு ஒரு சந்தேகத்தை வெளியிட்டார். மனித குலம் எவ்வளவுதான் முன்னேறியிருந்தாலும், பழைய வெறுப்புகள் எவ்வளவுதான் தளர்ந்திருந்தாலும், பிரித்தானியத் தேர்தல் தொகுதி ஒன்று ஒரு கறுப்பு மனிதரைத் தெரிவு செய்யும் நிலைக்கு நாம் இன்னும் வந்து சேர்ந்துவிட்டோமா என்பது தமக்கு ஐயமே என்ற பொருள்பட அவர் பேசினார். அவர் மனதில் வைத்துப் பேசிய மனிதர் தாதாபாய் நௌரோஜி. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1886இல், லண்டன் ஹோல்போர்ன் தொகுதியில் லிபரல் வேட்பாளராக நின்று தோற்றிருந்த பம்பாய்ப் பார்சி அவர்.

மறுநாட் காலைப் பத்திரிகைகள் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டன. அதுவரை லண்டனில் அரசியலில் ஆழ்ந்தோர் சிலருக்கு மாத்திரமே தெரிந்திருந்த நௌரோஜியின் பெயர், ஒரு வாரத்துக்குள் இங்கிலாந்து முழுவதும் அறிந்த பெயராயிற்று. லிபரல் கட்சிச் சார்புப் பத்திரிகைகள் பிரதமரைக் கண்டித்தன. சாலிஸ்பரிப் பிரபுவின் முகநிறத்தையும் நௌரோஜியின் முகநிறத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இருவரில் கறுத்தவர் பிரபுவே என்ற கேலியும் பரவியது. நௌரோஜி உண்மையில் நல்ல வெண்ணிறத்தவர்தாம். இந்தியாவில் இந்தப் பத்திரிகைக் கருத்துகள் திரட்டப்பட்டு, பிரதமரின் அந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்ட சிறு நூலாக 1889இல் லக்னோவில் அச்சிடப்பட்டன.

இந்தக் கேலியைப் பல ஆண்டுகளுக்கு முன்னர் முதன்முதலாக வாசித்தபோது நானும் சிரித்தேன். இப்போது அதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கத் தோன்றுகிறது. நௌரோஜிக்கு ஆதரவாக எழுதிய பேனாக்கள் சொன்னது என்ன? ‘ஒரு கறுப்பு மனிதர் ஏன் தெரிவாகக் கூடாது?’ என்றல்ல. ‘இவர் கறுப்பரே அல்லர்’ என்பதுதான். எதிர்த்தவர் போட்ட சட்டத்துக்குள் நின்றுகொண்டே ஆதரவாளரும் படம் வரைந்தார். குடியேறி வந்த அரசியல்வாதியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும் முறைக்கு இது ஒரு தொடக்கப் புள்ளி என்று கொள்ளலாம்.

அந்த மனிதரின் பின்னணியைச் சற்றுப் பார்ப்போம். 1825இல் பிறந்தவர், எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1855இல் காமா கம்பனியின் பங்காளியாக லண்டன் வந்தவர். இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் எவ்வாறு பிரித்தானியாவுக்கு வடிந்து செல்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர். அவர் ஒரு பத்திரிகையாளரும்கூட. 1851இல் பம்பாயில் ‘ராஸ்த் கோப்தார்’ என்ற குஜராத்திப் பத்திரிகையைத் தொடங்கினார். உண்மை உரைப்பவன் என்பது அப்பெயரின் பொருள். இவற்றில் எதுவும் 1892 தேர்தல் காலத்து லண்டன் பத்திரிகைத் தலைப்புகளைப் பெரிதாக ஈர்க்கவில்லை.

1892 ஜூலையில் மத்திய பின்ஸ்பரி தொகுதியில் அவர் வென்றார். முதல் எண்ணிக்கையில் ஐந்து வாக்குகளால். மறு எண்ணிக்கையில் மூன்று வாக்குகளால். 2,959க்கு 2,956. அவருடைய பெயர் ஆங்கிலேய நாவுக்குள் நுழைய மறுத்தது. ஆகவே ‘நாரோ மெஜோரிட்டி’, அதாவது குறுகிய பெரும்பான்மை, என்று அவருக்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது. சொல்விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ‘சென் ஸ்ரீபன்ஸ் ரிவியூ’ என்ற கொன்சர்வேற்றிவ் சார்புச் சஞ்சிகை விளையாட்டோடு நிற்கவில்லை. ஓர் ஆங்கிலேயரோ, ஸ்கொத்லாந்துக்காரரோ, வேல்சுக்காரரோ, ஐரிஷ்காரரோ கிடைக்காமல் பம்பாயிலிருந்து வந்த நெருப்பு வணங்கியைத் தேர்ந்தெடுத்ததற்காக அத்தொகுதி வெட்கப்பட வேண்டும் என்று அது எழுதியது. நௌரோஜி தம் பார்சி மத வேதநூலின் மீது சத்தியப்பிரமாணம் செய்து சபையில் அமர்ந்தார். 1895இல் தோற்றார்.

ஒரு சிறு இடைக்குறிப்பு. நௌரோஜியைப் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் ‘முதலாவது’ இந்தியர் என்று எழுதுவது வழமை. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் 1841இலேயே, டைஸ் சோம்பர் என்ற, இந்திய வம்சாவளி கலந்த செல்வந்தர் ஒருவர் சட்பரி தொகுதியில் தெரிவானார்; இலஞ்சக் குற்றச்சாட்டினால் அத்தெரிவு 1842இல் செல்லாததாக்கப்பட்டது. ‘முதலாவது’ என்ற சொல் பத்திரிகையாளனின் பலவீனம். அது கிடைத்துவிட்டால் பிறகு அந்த மனிதரிடம் வேறு எதையும் கேட்கத் தோன்றாது.

நௌரோஜி தோற்ற அதே 1895 தேர்தலில் இன்னொரு பார்சி வென்றார். மஞ்சர்ஜி பாவ்நகரி. அவர் கொன்சர்வேற்றிவ் கட்சிக்காரர். பெத்னல் கிறீன் வடகிழக்குத் தொகுதியில் ஜோர்ஜ் ஹொவல் என்ற தொழிற்சங்கத் தலைவரைத் தோற்கடித்தார். உழைக்கும் மக்களின் பிரதிநிதியான ஹொவல், பாராளுமன்றத்தில் பத்தாண்டு கடுமையாக உழைத்த தம்மைப் பம்பாயிலிருந்து வந்த ஓர் அந்நியக் கறுப்பர் உதைத்து வெளியேற்றிவிட்டதாக நொந்துகொண்டார். இந்திய தேசியவாதிகளுக்கோ பாவ்நகரி வேறு விதத்தில் பிடிக்காதவர். பிரித்தானிய ஆட்சியைப் புகழ்ந்ததனால் ‘மண்டியிடுபவர்’ என்ற பொருள்படும்படி அவருடைய பெயரை அவர்கள் திரித்தனர். அவர் தென்னாபிரிக்க இந்தியர்களின் உரிமைக்காகப் பாராளுமன்றத்தில் ஓயாமல் குரல் கொடுத்தார் என்பது பின்னர்தான் நினைவுகூரப்பட்டது. லண்டனில் அந்நியர், பம்பாயில் துரோகி. குடியேறிய அரசியல்வாதிக்கு இருபுறமும் அடி என்பது இன்று நேற்று வந்ததல்ல.

மூன்றாமவர் சபூர்ஜி சக்லத்வாலா. டாடா குடும்பத்து மருமகப்பிள்ளை, ஆனால் கம்யூனிஸ்ட். 1922இல் பற்றர்சி வடக்கில் தொழிற்கட்சியின் ஆதரவுடன் வென்று, 1923இல் தோற்று, 1924இல் கம்யூனிஸ்ட் வேட்பாளராகவே மீண்டும் வென்றார். 1926 பொது வேலைநிறுத்தத்தையொட்டி ஆற்றிய உரைக்காக இரண்டு மாதம் சிறையிருந்தார். அவருடைய தேர்தல் முகவராக இருந்த ஜோன் ஆர்ச்சரின் கதை இங்கு சொல்லத்தக்கது. ஆர்ச்சர் 1913இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பற்றர்சியின் மேயரானார். தந்தை பார்படோஸ் தீவினர், தாய் ஐரிஷ். இந்தக் கறுப்பு மேயர் எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று ஆராயப் புறப்பட்ட பத்திரிகைகளில் சில அவரை ரங்கூனில் பிறந்தவராக்கின. தாம் பிறந்தது இங்கிலாந்திலேயே உள்ள, யாரும் கேள்விப்பட்டிராத லிவர்பூல் என்னும் சிற்றூரில் என்று ஆர்ச்சர் பதில் கூறினார்.

சக்லத்வாலா 1929இல் ஆசனத்தை இழந்தார். அதன் பின்னர் வெள்ளையரல்லாத ஒருவர் பொதுச்சபைக்குத் தெரிவாக 58 ஆண்டுகள் சென்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த 58 ஆண்டுகளுக்குள்தான் பேரரசு கலைந்தது. கரீபியத் தீவுகளிலிருந்தும் இந்திய உபகண்டத்திலிருந்தும் மக்கள் பிரித்தானியாவின் தொழிற்சாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் பேருந்துகளுக்கும் வேலைக்கு வந்தனர். எங்கள் ஊர்க்காரரும் போயினர். அவர்களில் ஒருவர் அ. சிவானந்தன். 1958 இனக்கலவரத்தின் பின் கொழும்பை விட்டு லண்டன் சென்றவர், அங்கு போய்ச் சேர்ந்த வேளையில் நொட்டிங் ஹில் கலவரத்தைக் கண்டார். நூலகராகப் பணிபுரிந்து, பின்னர் இன உறவுகள் நிறுவகத்தின் பணிப்பாளரானார். ‘ரேஸ்’ என்ற அதன் சஞ்சிகை 1974இல் அவருடைய கையில் ‘ரேஸ் அன்ட் கிளாஸ்’ ஆகியது. நீங்கள் அங்கே வந்ததால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர் அவர். 2018 ஜனவரியில் காலமானார்.

இனி 1968க்கு வருகிறேன். ஊடக வரலாற்றில் ஆர்வமுள்ள எவரும் இந்த ஆண்டில் சற்று நேரம் நிற்க வேண்டும். ஏப்ரல் 20, சனிக்கிழமை, பேர்மிங்ஹாம் நகர விடுதி ஒன்றில் ஈனொக் பவல் குடிவரவுக்கு எதிராக ஆற்றிய உரை பிரசித்தமானது. அந்த உரையின் உள்ளடக்கம் பற்றி நிறைய எழுதப்பட்டாயிற்று. அது பத்திரிகைகளுக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

பவலின் தொகுதி வுல்வர்ஹம்ப்ரன். அங்கு வெளியாகும் ‘எக்ஸ்பிரஸ் அன்ட் ஸ்ரார்’ மாலைப் பத்திரிகையின் ஆசிரியர் கிளமன்ற் ஜோன்ஸ். இரு குடும்பங்களும் நெருக்கமானவை. உரையொன்றுக்கு அதிக இடம் கிடைக்க வேண்டுமானால் அதை எப்போது ஆற்றுவது, முற்பிரதியை யாருக்கு எப்போது கொடுப்பது என்பனவற்றை அரசியல்வாதி நண்பருக்குச் சொல்லிக் கொடுத்தவர் தாமே என்று ஜோன்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சனிக்கிழமை பிற்பகல் பேசினால் அன்றிரவுத் தொலைக்காட்சி, ஞாயிறுப் பத்திரிகைகள், திங்கட்கிழமைத் தலையங்கம் என்று மூன்று முறை அறுவடை செய்யலாம். பவல் அதைச் செவ்வனே செய்தார். முற்பிரதி தொலைக்காட்சி நிறுவனத்துக்குப் போயிருந்தது. ஒளிப்படக் கருவிகள் வந்திருந்தன. உரை வானவெடி போல எழும், ஆனால் எல்லா வானவெடிகளும் விழும்போது இது மேலேயே நிற்கும் என்று அவர் முன்கூட்டியே ஜோன்ஸிடம் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத், பவலை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். திங்களன்று லண்டன் ‘ரைம்ஸ்’ அதனைத் தீய உரை என்று தலையங்கத்தில் கண்டித்தது. செவ்வாயன்று லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பவலுக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போயினர். கலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 74 சதவீதத்தினர் பவலுடன் உடன்பட்டனர். ஜோன்ஸின் அலுவலகத்துக்கு ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. மிகப் பெரும்பாலானவை பவலுக்குச் சார்பானவை. ஜோன்ஸ் தமது பத்திரிகையில் உரையை எதிர்த்தே எழுதினார். நட்பு முறிந்தது.

இதிலே ஒரு பத்திரிகையாளனாக என்னை உறுத்துவது அந்த மூதாட்டியின் கதை. தம் தெருவில் எஞ்சிய ஒரேயொரு வெள்ளையரான முதிய பெண்ணொருத்தி குடிவரவாளரால் துன்புறுத்தப்படுவதாக, தமக்கு வந்த கடிதமொன்றை மேற்கோள் காட்டிப் பவல் கூறினார். அந்தப் பெண்மணியைத் தேடி நிருபர்கள் வுல்வர்ஹம்ப்ரன் தெருத்தெருவாக அலைந்தனர். ஜோன்ஸின் நிருபர்களும் தேடினர். அப்போது எவராலும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கதை முதல் நாளே அச்சேறி முடிந்திருந்தது. ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற செய்திக்கு எந்தப் பத்திரிகை முதற்பக்கம் கொடுக்கும்? செய்தியாசிரியர் மேசையில் முப்பது ஆண்டுகள் இருந்த எனக்கு அதன் பதில் தெரியும்.

1987 ஜூனில்தான் அந்த 58 ஆண்டு இடைவெளி முடிந்தது. டயன் அபொட், போல் போட்டெங், பேர்னி கிரான்ற், கீத் வாஸ் ஆகிய நால்வரும் தொழிற்கட்சி உறுப்பினர்களாகச் சபைக்குள் நுழைந்தனர். பிரித்தானியக் கயானாவில் பிறந்த பேர்னி கிரான்ற், ஆரம்ப நாளில் மேற்கு ஆபிரிக்க அங்கி அணிந்து வந்தார். பத்திரிகைகளுக்கு நல்ல படம் கிடைத்தது. அவரை ஏற்கெனவே அவை நன்கு அறிந்திருந்தன. 1985இல் வட லண்டனின் ஹரிங்கே மாநகர சபைக்குத் தலைவரானவர் அவர். அவ்வாண்டு ஒக்டோபரில் புரோட்வோட்டர் பாம் குடியிருப்பில் நடந்த கலவரத்தில் கீத் பிளேக்லொக் என்ற பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். பொலிஸாருக்குச் செம்மையாகக் கிடைத்தது என்ற பொருளில் கிரான்ற் கூறியதாக எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அங்குள்ள இளைஞர்களின் மனநிலையையே தாம் எடுத்துச் சொன்னதாக அவர் கடைசிவரை கூறிவந்தார். ஒருவர் இறந்து கிடக்கையில் அப்படிப் பேசியது தவறு என்பதே என் எண்ணம். ஆயினும் அந்த ஒரு வாக்கியம் அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட வேகத்தைக் கவனிக்க வேண்டும். ‘சன்’ பத்திரிகை அவரைப் பைத்தியக்கார பேர்னி என்றே அழைத்தது.

அக்காலத்தில் லண்டனின் இடதுசாரி மாநகர சபைகளைப் பற்றிய கதைகள் மலிந்தன. ஹக்னியில் ‘கறுப்பு ஆட்டுக்குட்டி’ என்ற பாலர் பாட்டைத் தடை செய்துவிட்டார்களாம். ஹரிங்கேயில் குப்பை போடும் கறுப்புப் பைகள் இனத்துவேஷமானவை என்று தடையாம். கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் ஊடக ஆய்வாளர்கள் இவற்றைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தனர். எந்த மாநகர சபையும் அப்படியொரு தடையை விதித்திருக்கவில்லை. பெற்றோர் நடத்திய ஒரு சிறு பாலர் நிலையத்தில் பாட்டை மாற்றிப் பாடியதுதான் மூலக்கதை. ஆனால் அக்கதை பத்திரிகையிலிருந்து பத்திரிகைக்குத் தாவி, ஊர் ஊராக நகர்ந்து, பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது. பல்கலாசாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு சராசரி ஆங்கில வாசகருக்கு அந்த ஆட்டுக்குட்டி நினைவுக்கு வரும்படி செய்தாயிற்று. கொள்கை ஒன்றை மறுப்பதற்கு விவாதம் தேவையில்லை, ஒரு நகைச்சுவைக் கதை போதும் என்பதை அந்த ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கிரான்ற் 2000 ஏப்ரலில் காலமானபோது அதே பத்திரிகைகள் சில கண்ணியமான அஞ்சலிகளை வெளியிட்டன. அவருடைய டொட்டன்ஹாம் தொகுதியில் அடுத்து வந்த டேவிட் லமி 2024இல் வெளியுறவு அமைச்சராகவும் 2025 செப்டெம்பரில் துணைப் பிரதமராகவும் ஆனார்.

அண்மைக்கால நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாசகர்களுக்கு இவை நினைவிருக்கும். 2010 ஒக்டோபரில் ஜேர்மன் சான்சலர் அங்கெலா மேர்க்கெல், பல்கலாசார முயற்சி முற்றாகத் தோற்றுவிட்டது என்றார். அதே உரையில் இஸ்லாமும் ஜேர்மனியின் ஓர் அங்கம் என்று அவர் சொன்னது உலகத் தலைப்புகளில் பெரும்பாலும் ஏறவில்லை. 2011 பெப்ரவரியில் டேவிட் கமரூன் மூனிச்சில் அதே பாதையில் பேசினார். 2020 பெப்ரவரியில் பி.பி.சி. பாராளுமன்ற ஒளிபரப்பு மார்ஷா டி கோர்டோவா என்ற கறுப்பின உறுப்பினரின் படத்தின் கீழ் டோன் பட்லர் என்று பெயர் போட்டது. அந்தத் தவறைப் பற்றிச் செய்தி எழுதிய லண்டன் மாலைப் பத்திரிகை, மார்ஷாவின் படம் என்று நினைத்து மூன்றாவது கறுப்பினப் பெண் உறுப்பினர் ஒருவரின் படத்தைப் பிரசுரித்தது. ஆர்ச்சரை ரங்கூனுக்கு அனுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.

2016 லண்டன் மேயர் தேர்தலில் எங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. சாதிக் கான் லண்டனிலேயே பிறந்தவர்; பேருந்துச் சாரதி ஒருவரின் மகன். தேர்தலுக்கு நான்கு நாட்களுக்கு முன்னர், மே 1ஆந் திகதி, அவருடைய போட்டியாளர் ஸக் கோல்ட்ஸ்மித்தின் கட்டுரையை வெளியிட்ட ‘மெயில் ஒன் சன்டே’, 2005 ஜூலைக் குண்டுவெடிப்பில் சிதைந்த பேருந்தின் படத்தை அதற்கு அருகில் வைத்தது. பேருந்துச் சாரதியின் மகனுக்கு எதிராக ஒரு பேருந்தின் படம்! அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே கோல்ட்ஸ்மித்தின் பிரசாரக் குழு தமிழ் வாக்காளருக்கெனத் தனியாகக் கடிதம் அனுப்பியிருந்தது. சாதிக் கான் அமைச்சராக இருந்தபோது இலங்கை பற்றிப் பேசவில்லை. அவருடைய கட்சி வந்தால் உங்கள் குடும்ப நகைகளுக்கும் வரி வரும் என்ற தொனியில் அது இருந்தது. லண்டனிலிருந்து நண்பர் ஒருவர் அதன் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பி, ‘எங்களைப் பற்றி அவர்கள் தெரிந்து வைத்திருப்பது இரண்டே இரண்டு விஷயம்: போர், தாலிக்கொடி’ என்று எழுதியிருந்தார். சாதிக் கான் வென்றார்.

2022 ஒக்டோபரில், தீபாவளி நாளன்று, ரிஷி சுனக் கட்சித் தலைவராகி மறுநாள் பிரதமரானார். சௌதாம்ப்ரனில் பிறந்தவர். பெற்றோர் கிழக்காபிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பாட்டனாரின் ஊர் குஜ்ரன்வாலா, இன்றைய பாகிஸ்தானில். இந்தியத் தொலைக்காட்சிகள் அவரைத் தம் மைந்தனாகவும் பெங்களூரின் மருமகனாகவும் கொண்டாடின. பாகிஸ்தானிலும் சிலர் உரிமை கோரினர். அவருடைய வரிக்கொள்கை என்ன, ஏழைகளுக்கு என்ன செய்வார் என்ற கேள்விகளை எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் தேடினேன். தீபமேற்றும் படங்களே கிடைத்தன. சாலிஸ்பரிப் பிரபுவின் சந்தேகம் தீர்ந்ததா என்று சிலர் கேட்டு எழுதினர். கேள்வி பிழை என்பது என் அபிப்பிராயம். நௌரோஜியின் நெருப்பு வழிபாட்டைப் பார்த்து முகம் சுளித்த கண்ணும், சுனக்கின் தீபத்தைப் பார்த்துப் புல்லரித்த கண்ணும் ஒரே பொருளைத்தான் பார்த்தன.

இதையெல்லாம் பிறர் வீட்டுக் கதையாகச் சொல்லிவிட்டு நான் எழுந்து போக முடியாது. 2011 மே மாதம் முதல் வாரம் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்திப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். பின் லாடன் கொல்லப்பட்ட செய்தி முதற்பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மே 2ஆந் திகதி நடந்த கனடியத் தேர்தலின் முடிவு எங்களுக்கு மறுநாள்தான் கிடைத்தது. ஸ்காபரோ-ரூஜ் ரிவர் தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் வென்றிருந்தார். பின் லாடனைச் சற்றுக் கீழே தள்ளிவிட்டு, யாழ்ப்பாணத்து மகள் கனடியப் பாராளுமன்றத்தில் என்ற பொருளில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பை நானே எழுதினேன். இரண்டு வருடத்துக்கு முன்னர் முடிந்த போரின் சுமை எல்லோர் நெஞ்சிலும் இருந்தது. ஒரு நல்ல செய்திக்கு ஏங்கியிருந்தோம். அதிலே தவறென்று நான் எண்ணவில்லை.

பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் நேரத்தில், ஹட்டனிலிருந்து வந்து எங்களிடம் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் மேசையருகே வந்து நின்றார். கையில் அன்றைய மூன்றாம் பக்கத்தின் ஒப்புநோக்கும் பிரதி.

“சேர், ஒரு சந்தேகம். இவங்க கனடாவுக்குப் போனப்ப எத்தனை வயசு?”

“ஐந்து வயது.”

“அப்ப இருபத்தஞ்சு வருஷத்தில கனடாக்காரர் ஆயிட்டாங்க. நாமளும் பெருமைப்படுறோம். சரி. எங்க தாத்தாவோட தாத்தா கோப்பித் தோட்டத்துக்கு வந்தவரு. இந்த மூணாம் பக்கத்தில எங்க எம்.பி.யைப் பத்தி ‘இந்திய வம்சாவளி உறுப்பினர்’னு போட்டிருக்கோம். நாங்க எப்ப சேர் இந்த ஊர்க்காரர் ஆவோம்?”

எனக்குப் பதில் வரவில்லை. மக்கட்தொகைக் கணிப்பில் அப்படித்தான் இருக்கிறது என்று சமாளித்தேன். அது உண்மையே. 1911 கணிப்பிலிருந்தே ‘இந்தியத் தமிழர்’ தனிப்பிரிவு. ஆனால் நான் வரலாறு படித்தவன். பேராதனையில் எங்களுக்கு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கற்பித்திருக்கிறார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றதும், அடுத்த தேர்தலில், 1952இல், அந்த மக்களின் வாக்குரிமையே இல்லாமற் போயிருந்ததும் எனக்குத் தெரியும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று மனிதர்கள் பங்கு பிரிக்கப்பட்டதும் தெரியும். தெரிந்தும் அந்த அடைமொழியை இருபது வருடங்களாகப் போட்டு வந்தேன்.

அந்த இரவுக்குப் பிறகுதான் கோ. நடேசய்யரைப் பற்றித் தேடி வாசித்தேன். தஞ்சாவூர்க்காரர். 1920 அளவில் கொழும்பில் குடியேறினார். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். தொழிற்சங்கக்காரருக்குத் தடை விதிக்கப்பட்ட தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரி வேடத்தில் நுழைந்தவர் என்பது மலையகத்தில் எல்லோரும் சொல்லும் கதை. சட்டநிரூபண சபையிலும், 1936இலிருந்து ஹட்டன் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் இருந்தார். துரைமாருக்கு அவர் கிளர்ச்சிக்காரர். அவருடன் ஒரே தொழிற்சங்கத்தில் இருந்த ஏ. ஈ. குணசிங்க பின்னர் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். குணசிங்கவின் ‘வீரயா’ பத்திரிகை 1930களில் மலையாளிகளைப் பகிஷ்கரிக்கும்படி எழுதியது. பெத்னல் கிறீனில் ஹொவல் நொந்துகொண்ட அதே குரல்தான், மொழி மட்டும் சிங்களம். யாழ்ப்பாணத்து வாசகர் வட்டத்திலும் நடேசய்யர் அந்நியராகவே கருதப்பட்டார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1947இல் அவர் காலமானார். தம் மக்களின் வாக்குரிமை பறிபோவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

பின்னர் நான் பொறுப்பிலிருந்த காலம் வரை எங்கள் பக்கங்களில் ‘மலையகத் தமிழர்’ என்றே போட வைத்தேன். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. விளம்பரப் பிரிவில் ஒருவர், வாசகர்கள் குழம்புவார்கள் என்றார். ஒரு மாதத்தில் யாரும் குழம்பவில்லை.

2024 ஜூலையில் லண்டன் ஸ்ரற்பர்ட் அன்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்றபோது, அந்த ஹட்டன் இளைஞர் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். இப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. வேறொரு ஊடகத்தில் செய்தியாசிரியர். தாம் போடவிருந்த தலைப்பை எனக்கு எழுதியிருந்தார். ‘ஈழத்துப் பெண்’ என்றில்லை. ‘முதலாவது’ மட்டும் இருந்தது. அடியில் ஒரு வரி: ‘சேர், இவங்க வீட்டு வாடகை பத்தியும் ஏதோ பேசியிருக்காங்க. அதை உள்ளே ரெண்டாவது பந்தியிலேயே வச்சிருக்கேன்.’

முதலாவது என்பதையும் எடுத்துவிடலாமே என்று பதில் அனுப்பினேன். அது இல்லாவிட்டால் மேலிடம் முதற்பக்கம் தராது சேர் என்று உடனே பதில் வந்தது.